திரையில் காத்துநின்ற பெயர்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், புள்ளமடுவத்துச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அப்பால் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் புள்ளமடுவம். நாலரை மணிக்கு அது காலியாகிவிடும். எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் எந்த மூலையில் நின்றாலும் போனில் சிக்னல் ஒரு கோடு, அங்கே மூன்று கோடு. சாவி வைத்திருந்த அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த இடத்தை வாங்கியிருந்தேன்.

நான் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. அப்பா என் சிறுவயதிலேயே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். நான் படிக்கும் காலத்தில் எங்கள் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே கிடையாது. அதனால் நான் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கே உள்ளூர ஒரு பயம் உண்டு. ஹட்டனில் பெரிய பாடசாலைகளில் படித்தவர்கள் முன்னால் வாயைத் திறக்க யோசிப்பேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு வெளிநாட்டுத் தொண்டு அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. பிரெஞ்சு மொழி பேசும் இடைநிலை மாணவர்களுக்கு இணையவழியில் அடிப்படை ஆங்கிலம் கற்பிக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாள், எங்கள் நேரப்படி மாலை ஐந்தரை மணி. சம்பளம் கிடையாது. ஆறு மாதம் முடிந்ததும் ஒரு சான்றிதழ் தருவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செய்தி லயம் முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. பிரெஞ்சு என்றால் பிரான்ஸ்தானே. பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எனக்குப் பாரிஸ் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், தன் மச்சானுக்கு அங்கே ஏதாவது வேலைக்கு வழி இருக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வகுப்புக்குப் பனி, கம்பளிச் சட்டை, ரயில் என்று படங்கள் தேடி எடுத்து வைத்திருந்தேன்.

முதல் நாள் பனிப்படத்தைக் காட்டி, உங்கள் ஊரில் பனி எப்போது பெய்யும் என்று கேட்டேன். டேட்டா தீர்ந்துவிடும் என்று எல்லோரும் கேமராவை அணைத்து வைத்திருந்தார்கள். கறுப்புத் திரையில் பெயர்கள் மட்டும்தான். ஒரு பெண்பிள்ளையின் குரல், ஒவ்வொரு சொல்லாக, பனி இல்லை, மழை உண்டு, மலை உண்டு என்றது. அவர்கள் பிரான்சில் இல்லை. ஆப்பிரிக்காவில், புருண்டி என்ற சிறிய மலைநாட்டில் இருந்தார்கள். அமைப்பு அனுப்பிய கடிதத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் பிரெஞ்சு என்ற சொல்லைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனசு இறங்கிப்போனது. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்று ஒரு சலிப்பு. பீலியடியில் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை, பாரிஸ் டீச்சராகவே இருந்தேன். அதோடு இன்னொன்றும் மனசுக்குள் புகுந்துகொண்டது. இந்தப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பு வேண்டும், இறுக்கிப் பிடித்தால்தான் வழிக்கு வருவார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களைப் பற்றித் தோட்டத்துத் துரைமார் பங்களாவில் இப்படித்தான் பேசுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதே வார்த்தைகள் என் மண்டைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அந்த வகுப்பு விளையாட்டு அல்ல. ஆறு மாதம் முடிந்ததும் அவர்களில் ஆறு பேரைத் தேர்ந்து, நகரத்தில் ஆங்கிலத்தில் படிப்பிக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பார்கள். தங்குவது, சாப்பாடு எல்லாம் அமைப்பின் பொறுப்பு. அங்கே வகுப்பைக் கவனித்துக்கொண்ட உள்ளூர் ஆசிரியை தொடக்கத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தார். முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு இது கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் இந்த வருடத்தோடு சரி என்று. தேர்வுக்கு இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, கடைசியில் நடக்கும் பேச்சுப் பரீட்சை. மற்றது வரவு. முக்கால்வாசி வகுப்புக்கு வராதவர் பரீட்சைக்கே தோற்ற முடியாது. வரவைக் குறித்து அனுப்புவது என் வேலை.

வகுப்பு நன்றாகவே போனது. நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், நம் பாடசாலைகளில் செய்வதுபோல. பன்னிரண்டு போனிலிருந்தும் ஒவ்வொரு குரல் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேர்ந்து, காக்கைக் கூட்டத்தில் கல் எறிந்தது மாதிரி இருக்கும். என்னை மதாம் என்று கூப்பிட்டவர்களை மிஸ் என்று மாற்றினேன். முதல் நாள் பனி இல்லை என்று சொன்ன அந்தப் பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். பதினைந்து வயது இருக்கும். தெரியாததைக் கேட்க வெட்கமே படமாட்டாள். ஒரு நாள், மிஸ், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஸ்ரீலங்கா என்றேன். ஸ்ரீலங்காவில் எங்கே, அங்கே என்ன இருக்கிறது என்று விடாமல் கேட்டாள். அழகான கடற்கரை இருக்கிறது என்று சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். புள்ளமடுவத்து ஜன்னலுக்கு வெளியே நாலு பக்கமும் தேயிலை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்துக்காரி என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்களோ என்ற பழைய பயம்தான். தேயிலை என்ற அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் மற்றது எதுவுமே நடந்திருக்காது என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாம் மாதம் சிலர் தாமதமாக வர ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒருவர் நுழையும்போதெல்லாம் பாடம் தடைப்பட்டது. அப்போதுதான் அந்த விதியைப் போட்டேன். அந்தச் செயலியில் ஒரு வசதி உண்டு. வகுப்புக்கு வருகிறவர் முதலில் வெளியே காத்திருப்பார். அவர் பெயர் என் திரையின் மேலே தெரியும். நான் தொட்டு அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும். ஐந்து முப்பத்தைந்துக்குப் பிறகு யாரையும் அனுமதிப்பதில்லை, அன்றைக்கு வரவு இல்லை என்று அறிவித்தேன்.

இந்த யோசனையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். வெரட்டிட்டாங்க என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், தண்ணீர் வராமல் இருந்திருக்கலாம், அதையெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா எத்தனையோ நாள் அப்படித் திரும்பி வந்திருக்கிறார். அதை நினைத்து நான் ஆத்திரப்பட்டிருக்கிறேன். இருந்தும் என் கையில் ஒரு வகுப்பு கிடைத்ததும், ஒழுங்கு என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விதி போட்ட மறு வாரமே எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், அந்தப் பிள்ளையைத் தவிர. அவள் பெயர் ஐந்து நாற்பதுக்கு வரும், சில நாள் ஐந்து ஐம்பதுக்கு. நான் அனுமதிக்கமாட்டேன். வெளியே நிற்பவர்களுக்குச் செய்தி அனுப்பலாம் என்பதால் இரண்டு முறை, தாமதமாகிவிட்டது, அடுத்த வகுப்புக்கு நேரத்துக்கு வரவும் என்று அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வகுப்பு முடியும் வரை அவள் பெயர் திரையின் மேலேயே இருந்தது. அடுத்த வகுப்பிலும் அப்படித்தான், அதற்கு அடுத்ததிலும். நான் பாடம் நடத்திக்கொண்டிருக்க, அவள் பெயர் மேலே நின்றுகொண்டே இருக்கும். எனக்கு எரிச்சலாக வந்தது. நீ விடாவிட்டால் நான் போகமாட்டேன் என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறாள், திமிர் பிடித்தவள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெயர் கண்ணில் படாமல் இருக்க, அந்த அறிவிப்பை ஒதுக்கிவிடப் பழகிக்கொண்டேன்.

இடையில் ஒரு நாள் ஒரு மாணவன் அவளுக்காகப் பேச வந்தான். மிஸ் என்று அவள் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அவள், அவள் என்று இரண்டு தரம் சொன்னான். மேலே சொல்லத் தெரியாமல் பிரெஞ்சுக்குத் தாவி மளமளவென்று ஏதோ சொன்னான். இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். என் வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது முதல் நாள் தொட்டு இருந்த விதி. ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் சொல், இல்லாவிட்டால் பாடத்தைக் கவனி என்றேன். இரண்டு மாதம் படித்த ஆங்கிலத்தில் அவனால் பழங்களின் பெயரையும் வீட்டுச் சாமான்களின் பெயரையும் சொல்ல முடியும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

உள்ளூர் ஆசிரியையிடம் நானே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் மாதம் ஒரு முறை எப்படிப் போகிறது என்று எழுதுவார், நன்றாகப் போகிறது என்று பதில் போடுவேன். ஆறு மாதம் முடிந்ததும் வரவுப் பட்டியலைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். பதினொரு பேருக்கு முழு வரவு, ஒருத்திக்குப் பாதிகூட இல்லை. இவ்வளவு ஒழுங்கான பதிவு வேறெந்த வகுப்பிலிருந்தும் வரவில்லை என்று அமைப்பிலிருந்து பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இருந்தாலும் சந்தோஷப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை. காலையிலிருந்தே மழைத்தூறல். போனில் இடம் இல்லை என்று காட்டவே, பழைய படங்களையும் பதிவுகளையும் அழிக்க உட்கார்ந்தேன். வகுப்புக் குழுவில் நான் வீட்டுப்பாடம் போடுவேன். பிள்ளைகள் ஐந்து வாக்கியம் பேசி, குரலில் பதிவு செய்து என் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். வகுப்புக்கு வந்தவர்களுடையதை மட்டும் கேட்டுத் திருத்துவேன். வகுப்புக்கு வராதவளின் வீட்டுப்பாடத்தை எதற்குக் கேட்பது என்று அவள் அனுப்பியதையெல்லாம் திறக்காமலே ஒதுக்கியிருந்தேன். மொத்தம் பதினொரு பதிவுகள் இருந்தன. அழிப்பதற்கு முன்னால், என்னதான் சொல்லியிருக்கிறாள் என்று ஒன்றைத் தட்டினேன்.

முதலில் சொற்கள் என் காதில் விழவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் கேட்ட சத்தம்தான் விழுந்தது. நிறையப் பெண்களின் பேச்சு, ஒருத்தி உரக்க ஏதோ முறையிடுகிறாள், பாரமான மூட்டை ஒன்று தரையில் விழும் சத்தம், ஒரு ஆண் குரல் இரண்டு மூன்று சொற்களை ஒரே தாளத்தில் அறுத்து அறுத்துக் கூப்பிடுகிறது. அவர்கள் மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த இடம் எது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி நான் ஓடிய கொழுந்து மடுவத்தில் இதே சத்தம்தான் இருக்கும். பதிவை முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

பிறகு அவள் சொன்னது கேட்டது. அவளுடைய ஆங்கிலத்தைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: என் அம்மா தேயிலை பறிக்கிறார். அம்மாவுக்கு முதுகில் வலி. பள்ளிக்கூடம் முடிந்து நான் கூடையைத் தூக்கிவருகிறேன். நிறுக்கும் மனிதர் நேரத்துக்கு வருவதில்லை. எடை பார்த்த பிறகு நான் மேட்டுக்கு ஓடுகிறேன், மேட்டில்தான் போன் பேசும்.

தேயிலை, கூடை, முதுகு, இதெல்லாம் நான் சொல்லிக்கொடுக்காத சொற்கள். எங்கே தேடிப் பிடித்தாளோ தெரியவில்லை. மற்றப் பதிவுகளையும் கேட்டேன். ஒவ்வொன்றிலும் அந்தந்த வாரத்துப் பாடம் இருந்தது. வகுப்புக்குள் வராதவளுக்குப் பாடம் எப்படித் தெரிந்தது என்பதையும் ஒன்றில் அவளே சொல்லியிருந்தாள். அவள் தோழி மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறாளாம். ஒன்பதாவது பதிவில், மிஸ், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், கதவு திறக்கலாம் என்று நினைத்து நான் கடைசி வரை நிற்கிறேன் என்றாள். பதினோராவதில் மூச்சு வாங்கியது. ஓடிவந்து நின்ற இடத்திலேயே பேசியிருக்கிறாள். பன்னிரண்டு பேரில் அவளுடைய ஆங்கிலம்தான் மேலாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அன்றைக்கே அமைப்புக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, பட்டியலைத் திருத்தித் தருகிறேன், அவளைப் பரீட்சைக்குத் தோற்ற விடுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். பரீட்சை முடிந்து ஆறு பேரும் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டார்கள், வேறு இடம் இல்லை என்று இருந்தது. கீழே இன்னொரு வரி. மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் தாமதமாக வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், உங்கள் வகுப்பில் இப்படி ஒரு விதி இருந்தது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் அப்படி ஒன்றைக் கேட்கவும் இல்லை. அந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கதவைச் சாத்தச் சொன்னது யாரும் இல்லை.

மறுபடியும் எழுதினேன். அடுத்த வருடமாவது என்று கேட்டேன். அடுத்த வருடத்துக்கு அமைப்பு வேறு மாவட்டத்துக்குப் போகிறது என்றார்கள். எனக்குத் தரவேண்டிய சான்றிதழை வைத்துக்கொண்டு அவளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றுகூட எழுதினேன். இப்போது அதை நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அதற்குப் பதிலே வரவில்லை. ஒரு வாரத்தில் சான்றிதழ் மட்டும் வந்து சேர்ந்தது.

உள்ளூர் ஆசிரியையைப் போனில் பிடித்தேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் மெதுவாகப் பேச, அவர் மெதுவாகப் பதில் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை, அம்மாவுக்கு முதுகு முடியாமல் போனதால் அவளே பறிக்கப் போகிறாள் என்றார். பட்டியலில் பேர் இல்லை என்றதும் அமைப்பு கொடுத்த போனையும் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். வரவில்லை என்று நீங்கள் எழுதியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் நீங்கள் டீச்சர், காரணம் இருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். அவர் குத்திக்காட்டவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அவளுக்காக அந்த ஆசிரியையின் எண்ணுக்கு நான் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது, நானும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான், என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான் என்று அவளுக்குப் புரியும் ஆங்கிலத்தில் சொன்னேன். நாலு தரம் பேசி அழித்து, ஐந்தாம் தரம் பேசியதை அனுப்பினேன். அந்த ஆசிரியை மெனக்கெட்டு அவர்கள் மலைக்கே போய், தன் போனில் அதை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு தரம் கேட்டாளாம். மிஸ்ஸின் வகுப்பு இன்னும் நடக்கிறதா என்று கேட்டாளாம். இல்லை, முடிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் நிறுக்கக் கூப்பிட்டார்கள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் நான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து அம்மாவே பிடித்துக்கொண்டார். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். போன், செயலி எல்லாம் அம்மாவுக்கு விளங்காது என்பதால், பெரட்டுக்குப் பிந்தி வந்தவளை வெரட்டின மாதிரி என்றுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"நீயா வெரட்டின?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அந்தப் புள்ள எம்புட்டு நேரம் நின்னுச்சு?"

"வகுப்பு முடியிற வரைக்கும்மா. ஒவ்வொரு நாளும் முக்கா மணித்தியாலத்துக்குக் கிட்ட."

"நாங்கெல்லாம் வெரட்டினா வீட்டுக்குத் திரும்பிருவோம். திட்டிக்கிட்டே வந்து அடுப்பப் பத்த வைப்போம்" என்றார் அம்மா. "அது போகாம நின்னுருக்கே."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். ரொட்டி கருகும் வாசம் வந்த பிறகுதான் நான் எழுந்து அடுப்பிலிருந்து எடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அது எங்கே என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அந்த ஆசிரியைக்கு இப்போதும் எப்போதாவது எழுதுகிறேன். பழைய பள்ளிப் புத்தகங்கள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்புங்கள், ஆனால் அவளுக்குப் படிக்க நேரம் இருக்குமா தெரியவில்லை என்றார். அனுப்பிய பார்சல் போய்ச் சேர்ந்ததா என்பதற்குச் சேதி இல்லை. கடைசியாக அவர் எழுதிய செய்தியில், அந்தக் குடும்பம் வேறு மலைக்குக் குடிபோய்விட்டது என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

என் பாடசாலையில் இப்போது பிந்தி வரும் பிள்ளைகளை நான் வெளியே நிறுத்துவதில்லை. மழைக்காலத்தில் மூன்று மைல் நடந்து, சேறு அப்பிய காலோடு இரண்டாம் பாடத்துக்கு வந்து நிற்பார்கள். உள்ளே வா என்பேன், ஏன் என்று கேட்பேன், அவர்கள் எந்தப் பாஷையில் சொன்னாலும் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன். எங்கள் அதிபர் ஒருமுறை, டீச்சர் நீங்க ரொம்ப மாறிட்டீங்க, நல்லது என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் எனக்கு முகம் சுண்டிப்போனது. இங்கே நூறு பிள்ளைகளை உள்ளே விட்டாலும் அங்கே நின்றவளுக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது.

இதைப் பத்திரிகைக்கு வாசகர் அனுபவம் என்று அனுப்புவதால், இந்தச் சம்பவம் எனக்கு ஒரு பாடமாக அமைந்தது என்று எழுதி முடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பாடம் படித்தது நான் என்றால், அதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டது அந்தப் பிள்ளை அல்லவா.